அடுப்புக்கு வெட்டிய குழி

ஏரிக்கரையில் இருந்த ஒல்லாந்த துரை வீட்டின் பின்கட்டில், புகைபோக்கி வைத்த பெரிய செங்கல் அடுப்பு கட்டும் வேலை. அந்தப் பாரத்தை வெறும் மணல் தாங்காது என்று, கெட்டித் தரை தட்டும்வரை என் கணவர் அஸ்திவாரக் குழி வெட்டினார். நான் மண் சுமந்தேன். உள்நாட்டு ஊர்க்காரர்களான எங்களுக்கு அங்கிருந்த மீனவர் குப்பத்தில் யாரையும் தெரியாது.

ஆள் உயரம் போனதும் அடியில் ஏரித் தண்ணீர் கசிந்தது. சட்டென்று குழியின் ஒரு பக்கம் சரிந்து அவரை மார்புவரை மூடிவிட்டது. நான் அலறிக்கொண்டு விளிம்புக்கு ஓடினேன்.

"யக்கா, கிட்ட போவாத! நீ மிதிச்சா மீதி மண்ணும் அவர் மேல வுழும்!"

கரையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர்தான் கத்தினார். மறுகணம் கத்தியை எடுத்து, கட்டுமரத்தைப் பிணைத்திருந்த கயிறுகளை அறுத்தார். மரங்களைத் தூக்கிவந்து, சரியும் மண்ணுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு உள்ளே இறங்கி வெறுங்கையால் மணலை வாரினார்.

"மூச்சு வுடுண்ணா, இன்னும் கொஞ்சந்தான்!"

கணவரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கால் விடுபட்டதும் மீனவர் அவரை மேலே தூக்கிப் போட்டார். கணவர் இருமினார். எனக்கு உயிர் வந்தது.

"உங்க பொழப்பு போச்சே" என்று அழுதேன்.

"மரந்தான யக்கா, மறுபடி கட்டிக்கலாம்."

அஸ்திவாரம் எழும்பும்வரை அந்த மரங்கள் குழியிலேயே நின்றன. அதுவரை அந்த மீனவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனது பிறகுதான் தெரிந்தது. முன்பின் தெரியாதவர் என்று யாரையும் ஒதுக்க, அதன்பின் எனக்கு மனம் வந்ததில்லை.