விளக்குக்கு விட்ட எண்ணெய்

பிள்ளைகளே, கோப்பாயில் இருந்த உங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் குடும்பம் சீவித்தது. பஸ் ஓடத் தொடங்கியதும் காருக்கு ஆள் குறைந்தது. நாலு பேர் ஏறினாலே அதற்கு மூச்சு வாங்கும்.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் கார் திருத்தும் ஒரு கராச்சில் வேலை செய்தேன். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பித்தால் போதும் என்றேன். அவரோ பெரிய பிஸ்ரன் போட வேண்டும், ஆறு பேரோடு பஸ்ஸுக்கு முன்னால் கரவெட்டி போய்ச் சேர வேண்டும் என்று நின்றார். உழவு மாட்டுச் சோடியை விற்றார். சிலிண்டரைக் கொழும்புக்கு அனுப்பி, பிஸ்ரன் அளவுக்குக் கடைந்து எடுப்பித்தோம். தண்டு சுழலும் இடங்களுக்கு வெள்ளீயம் வார்த்து, மை தடவி, தண்டு உரசும் இடம் பார்த்துப் பார்த்து நான் சுரண்டினேன். இரண்டு மாதம் சென்றது.

எஞ்சின் உரசி இறுகாமல் இருக்க அதற்குள் விடுவதைக் கராச்சில் நாங்கள் ஒயில் என்போம். பெரியப்பாவுக்கு எல்லாமே எண்ணெய்தான். அது எனக்குத் தெரியாததல்ல.

ஸ்ரார்ட் பண்ண ஐயரிடம் நாள் கேட்டிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்பட்டார். காருக்கு முன்னால் பெரியம்மா குத்துவிளக்கு வைத்திருந்தா. காற்றுக்குத் திரி அணைந்து அணைந்து போனது. நான் நல்லெண்ணெய்ப் போத்தலும் கையுமாகக் குந்தியிருந்தேன்.

"தம்பி, எண்ணெய் விட்டிட்டியோ?" என்று அவர் காருக்குள் இருந்து கேட்டார்.

"ஓம் அண்ணை, விட்டிட்டன்."

எழும்பி, ஸ்ரார்ட் பண்ணும் கம்பியைக் காரின் முன்பக்கம் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்தது. தேங்காய் உடைக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டோம். கோயில் மதில் தெரியும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கீச்சு. கருகல் மணத்தோடு கார் நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு திரும்பினோம். வேலியடியில் நின்ற பக்கத்துக் காணிக்காரர், "உன்ரை மாடு ரண்டும் நிண்டிருந்தால் கட்டி இழுத்திருக்கலாமே," என்றார். பெரியப்பா குனிந்தபடி தள்ளினார்.

வீட்டு முருங்கைக்குக் கீழே ஒயில் தகரம் மூடி திறக்காமல் இருந்தது. கடைசியில் விடலாம் என்று நானே வைத்தது. பெரியப்பா காணாதபடி அதற்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன பிழை, தம்பி?"

"பிஸ்ரன் இறுகிப்போச்சு, அண்ணை. அளவு பெரிசு."

அவர் காரின் கதவைச் சாத்தினார். "நீ வேண்டாமெண்டுதானே சொன்னனி. நான்தான் கேக்கேல்லை."

கார் பழைய இரும்புக்குப் போனது. அவர் மற்றவர்களின் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நீர் இறைத்தார். காரைப் பற்றிக் கதை வந்தால், தம்பி சொல்லியும் கேளாமல் ஆசைப்பட்டேன் என்பார். பக்கத்தில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசிவரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாசியில் அவர் காலமானார்.

விளக்குக்கு எண்ணெய் விட்டாச்சோ என்று உங்கள் அம்மா கேட்டால், எந்த எண்ணெய் என்று நான் திருப்பிக் கேட்கிறேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.