காற்றுக்கு மார்க் போட்ட வீடு

தம்பி கத்தாரில் என்ன வேலை செய்கிறான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. பணக்காரர்களின் வீடுகளில் காற்றுக்கு மிஷின் பூட்டுகிறான் என்று அம்மா சொல்வாள். காற்றுக்கு எதற்கு மிஷின் என்று யாராவது திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். போன தடவை லீவில் வந்தபோது அந்த மிஷின்களையே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். எல்லாம் அப்பாவுக்காக.

அப்பா உழைத்த காலமெல்லாம் தோட்டத்து ஃபேக்டரியில், தேயிலை சலிக்கும் அறையில் இருந்தவர். அந்தத் தூசு அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. முன்வாசல் இஸ்தோப்பிலிருந்து பைப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கும். வாயில் அடிக்கும் பம்ப் இல்லாமல் ஒரு நாளும் கழியாது. புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். எங்களுடையது இரண்டு காம்பரா வீடு. அதில் ஒன்றில் விறகடுப்பு, மற்றதில் அப்பாவின் கட்டில். கேஸ் அடுப்பும் இருந்தது; விருந்தாளி வந்தால் பற்றவைப்போம்.

தம்பி வந்த மறுநாளே வேலையைத் தொடங்கினான். அடுப்படிச் சுவரில் ஓட்டை போட்டுப் புகையை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றை வைத்தான். அப்பாவின் கட்டிலருகே காற்றை வடிகட்டும் வெள்ளைப் பெட்டி ஒன்று வந்தது. அலமாரியின் மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. காற்றில் புகை கூடினால் அதில் நம்பர் ஏறும், ஃபேனும் பெட்டியும் தாமாகவே ஓடும், காற்று சுத்தமானால் அடங்கிவிடும். கருவியிலும் பெட்டியிலும் பச்சை எரிந்தால் நல்ல காற்று, சிவப்பு எரிந்தால் கெட்டது. கத்தாரில் இருந்தாலும் அவன் ஃபோனில் எல்லாம் தெரியும் என்றான்.

"காத்துக்கும் மார்க் போட ஆரம்பிச்சிட்டான்" என்றாள் அம்மா.

முதல் நாளே ஃபெயில். அம்மா அடுப்பை அணைத்துத் தண்ணீர் தெளித்த பிறகும் சிவப்பு மாறவில்லை. தம்பி கருவியைக் கழற்றினான், மாட்டினான், ஃபோனைத் தட்டினான். அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போவதில்லை. மேலே ஒரு முழத்துக்குத் திறந்தே கிடக்கும். லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்தானோ என்னவோ. பக்கத்து வீட்டு அத்தையின் அடுப்புப் புகை அந்த வழியாக நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வழியாகப் புகை மட்டுமா வரும்? அவர்களுடைய டிவி வரும், மருமகளோடு போடும் சண்டை வரும், எங்கள் வீட்டு ரகசியமெல்லாம் அந்தப் பக்கம் போகும். சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எங்களுக்கு அத்தை. வேலையிலிருந்து நின்றுவிட்டவள், பகலில் வீட்டில்தான் இருப்பாள். அம்மா கொழுந்தெடுக்க மலைக்கும் நான் பலாங்கொடைத் துணிக்கடைக்கும் போன பிறகு அப்பாவுக்கு இருந்த ஒரே துணை அவள்தான். இருமல் கூடினால் அங்கிருந்தே "அண்ணே, சுடுதண்ணி வேணுமா?" என்பாள். பேச மூச்சில்லாத நாளில் அப்பா டம்ளரால் சுவரில் தட்டுவார். தட்டி முடிப்பதற்குள் வாசலில் நிற்பாள்.

தம்பி டவுனுக்குப் போய் சிலிங் ஷீட் வாங்கி வந்தான். அடைப்பதற்கு முன் அத்தையிடம் மரியாதையாகவே கேட்டான். அவள் முகம் சுளிக்கவில்லை. அவன் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதே அவள்தான்.

"அண்ணனுக்கு நல்லதுன்னா அடைங்க மகன். எங்க புகைய நாங்களே வச்சிக்கிறோம்" என்று சிரித்தாள்.

ஈ நுழையக்கூட இடமில்லாமல் அடைத்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. அப்பாவுக்கு இருமல் குறைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு தலையணையைச் சாய்த்துவைத்து உட்காராமல், படுத்துத் தூங்கினார். எனக்கும் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்ற கூச்சமில்லாமல் அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியது அப்போதுதான்.

தம்பி திரும்பிப் போனபிறகு அங்கிருந்தே காவல் காத்தான். அம்மா கருவாடு பொரித்தால் கத்தாரிலிருந்து ஃபோன் வரும். ஜன்னலைத் திறந்தால் அதற்கும் வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மா இஸ்தோப்போடு நிறுத்திக்கொண்டாள். சாமி வேண்டுமானால் வெளியே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். அப்பா மட்டும் ஒருநாள் என்னிடம், "காத்து நல்லாத்தான் இருக்கு. வீடுதான் ஊமையாப் போச்சு" என்றார். பிள்ளை ஆசையாகச் செய்தது, அவனிடம் சொல்லிவிடாதே என்றும் சொன்னார். நானும் சொல்லவில்லை.

அது அடைமழைக் காலம். அன்று காலையில் அம்மாவும் நானும் வழக்கம்போலப் புறப்பட்டோம். ஜன்னல் சாத்தியிருந்தது. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த அம்மா கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தாள். அப்பா அத்தை வீட்டுப் பக்கத்துச் சுவரடியில் விழுந்து கிடந்தார். உடம்பு குளிர்ந்துவிட்டது. பம்ப் தரையில் உருண்டு கட்டிலுக்கடியில் போயிருந்தது. டம்ளர் கையருகே கிடந்தது. சுவரில், தரையில் கிடந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், சுண்ணாம்பு பல இடங்களில் பெயர்ந்திருந்தது. வெள்ளைப் பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அத்தை காலையிலிருந்து வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்திருக்கிறாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"டக்கு டக்குன்னு ஏதோ கேட்டிச்சு புள்ள. தம்பி பூட்டின மிஷின்னு நெனச்சி இருந்துட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெட்டிமேல்தான் வந்தது. உயிர் போகிற மனுஷனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருந்ததே, அதை எட்டி உதைக்கவேண்டும் போலிருந்தது.

தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. சாவு வீட்டை வீடியோ கோலில்தான் பார்த்தான். அப்பாவின் தலைமாட்டில் சாம்பிராணி ஏற ஏறப் பெட்டி சிவப்பாகி இரைய ஆரம்பித்தது. அடுப்படி ஃபேனும் ஓடியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா எழுந்துபோய் வயரைப் பிடுங்கினார். ஃபோனிலிருந்து தம்பி, "அத நிப்பாட்டாதீங்க சித்தப்பா, அப்பாவுக்குப் புகை ஆகாது" என்றான்.

கருமாதி முடிந்து சில நாட்கள் கழித்து எனக்கு ஃபோன் செய்தான். அன்றைக்குப் பதிவான நம்பர்களையெல்லாம் எடுத்துப் பார்த்தானாம்.

"காலையில இருந்து ஒரு தடவகூட சிவப்பு வரலக்கா. அப்பா கடைசியா இழுத்தது நல்ல காத்துதான். அந்த ஒன்னுதான் எனக்கு ஆறுதல்."

ஆமாம் தம்பி என்றேன். அவன் அழுது முடிக்கும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பெயர்ந்த சுவரை அத்தையே பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அப்பா எந்த இடத்தில் கிடந்தார் என்று தம்பி இன்னும் கேட்கவில்லை. கேட்டால், கட்டிலில், தூக்கத்திலேயே என்று சொல்வதாக அம்மாவும் அத்தையும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.