மாத்திரைக்குப் பிறகு திருநீறு

மாலதி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அதனால் அவள் மகள் வந்தனா இருமத் தொடங்கியது எனக்கு முதல் நாளே தெரியும்.

வந்தனாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்று வாரம் இருமல் விடவில்லை. சோதித்துப் பார்த்ததில் காசநோய், அதுவும் வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை. ஒன்றரை வருடம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். சாப்பிட்டால் வாந்தி. முகம் கறுத்துப்போய், பிள்ளை கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். மாலதி தினமும் காலையில் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு, சட்டைகளுக்குப் பித்தான் தைக்கும் கார்கானாவுக்குப் போய்வந்தாள். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை; சுவர் தாண்டி எனக்குக் கேட்டதோடு சரி. சொன்னால் தண்ணீர்க் குழாயடியில்கூட ஆட்கள் தள்ளி நிற்பார்கள். தாராவியில் பிறந்தவளுக்கு அது தெரியாதா?

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளை எங்கள் சந்து முனையில் இருக்கும் முத்தாரம்மன் கோயிலில் பார்த்தேன். கண்ணை நம்ப முடியவில்லை. மாலதியின் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். சாகும்வரை கோயில் படி மிதிக்காதவர். மகளையும் அப்படியே வளர்த்தார். அவள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, தாலியும் இல்லை. அந்த மாலதி தூணில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூசாரி பூலோகம், பகலில் தோல்பை தைக்கிறவர், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செம்பு தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

பிறகு தினமும் போனாள். அவள் கணவன் சுரேந்திரனுக்கு அது உறுத்தியது. அவன் ஒருநாள் கேட்டது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

"ஒங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாவ?"

மாலதி சொன்னாள்: "அப்பா இருந்தா அவிய மடியில அழுதிருப்பேன். இல்லைல்லா. பிள்ளை முன்னால அழ முடியுமா? நீங்களே பாதி ஆளா ஆயிட்டிய. ஒங்கள்ட்ட எப்படிச் சொல்ல? அதான் அங்கன போறேன்."

சுரேந்திரன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கோயிலில் உட்கார உட்காரத்தான் மற்றவர்கள் முகம் அவள் கண்ணில் பட்டது. தையல்காரர் நம்பிராஜன் தினமும் வந்து வெகுநேரம் நிற்பார், இருமுவார். அவருக்கும் அதே நோய். உடம்பு கொஞ்சம் தேறியதும் மருந்தை நிறுத்திவிட்டு, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். மாலதி பேச்சுக் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டாள். அடுத்த செவ்வாய் பூசை முடிந்து இருபது முப்பது பேர் நிற்கும்போதே பூலோகத்திடம் போய்ப் பேசினாள்.

"அண்ணே, எம் மகளுக்கு டிபி. ஏழு மாசமா மாத்திரை குடுக்கேன். ஒரு நாள் விட்டாலும் நோய் திரும்பிரும்னு டாக்டர் சொல்லுதாரு. இங்க வாரவங்கள்ல மருந்த நிப்பாட்டினவங்க இருக்காவ. நான் சொன்னா கேக்க மாட்டாவ. திருநீறு குடுக்கதுக்கு முன்னால, மாத்திரை போட்டாச்சான்னு நீங்க ஒரு வார்த்தை கேளுங்க."

பூலோகம் யோசித்தார். திருநீற்றுத் தட்டோடு, இருமிக்கொண்டு நின்ற நம்பிராஜன் முன்னால் போய் நின்று கேட்டும்விட்டார். நம்பிராஜன் தலை குனிந்தார். மறுநாள் காலையில் மாலதி அவரை மருந்து தரும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அவள் பயந்தது நடக்காமல் இல்லை. இரண்டு பெண்கள் குழாயடியில் விலகி நின்றார்கள். ஆனால் வேறு சிலர் சாயங்காலத்தில் தயங்கித் தயங்கி அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அடுத்த சந்தின் சஃபீனா, தன் தம்பி மாத்திரையைத் துப்பிவிடுவதாகச் சொல்லி வந்தாள். மாலதி மூன்று வாரம் தினமும் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், அவன் விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்படி நான் அறிய பதினொரு பேர் மருந்தை முழுசாக முடித்தார்கள். நம்பிராஜன் அதில் ஒருவர்.

வந்தனாவும் முடித்தாள். இப்போது சான்பாடாவில் வேலை. ரயிலுக்கு ஓடும்போது முதுகில் பை குதிக்கும். எல்லாம் அம்மன் அருள்தானே என்று ஒருமுறை கோயிலில் வைத்து மாலதியைக் கேட்டேன்.

"சொகமாக்கினது மருந்துதான்க்கா," என்றாள். "அந்த ஒண்ணர வருசம் என்னை ஒடைஞ்சு போகாம வச்சது இவ. ரெண்டையும் ஏன் கொழப்பணும்?"

போன கொடைத் திருவிழாவில் முதல் முளைப்பாரியைப் பூலோகம் அவள் தலையில் ஏற்றிவைத்தார். அதுவரை பூசாரி வீட்டுப் பெண்கள் மட்டுமே சுமந்தது அது. மேளத்துக்குப் பின்னால் அவள் நிமிர்ந்து நடந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனவன் சுரேந்திரன். நான் போட்டோ எடுத்து, அம்பர்நாத்தில் இருக்கும் என் தங்கைக்கு உடனே அனுப்பினேன். 'எங்க பக்கத்து வீட்டுக்காரி' என்று கீழே எழுதினேன்.