புழு இல்லாத காலிஃபிளவர்

அந்தப் பகுதியில் பயிருக்கு மருந்து அடிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக முதுகில் பதினாறு லிட்டர் டேங்கைச் சுமந்துகொண்டு வரப்பு வரப்பாக நடந்தவர். மனுஷனுக்கு மருந்து கொடுத்தால் டாக்டர், கத்திரிக்காய்க்குக் கொடுத்தால் மட்டும் கூலிக்காரனா என்று யாரோ ஒரு நாள் கேலியாகக் கேட்டுவைக்க, அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் டாக்டர் ஆகிவிட்டார். சொந்தப் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. டாக்டர் வீடு எது என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். வயிற்றுவலிக்காரர்கள் ஓரிருவர் நம்பிப் போய் அசடு வழியத் திரும்பியதும் உண்டு.

டாக்டருக்கு ஒரு பழக்கம். தான் மருந்து அடித்த காயை வாயில் வைக்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருந்தார். மக்கிய இலை, சாணம், அடுப்புச் சாம்பல் தவிர வேறெதையும் அதில் அண்ட விட மாட்டார். புழு விழுந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் பொறுக்குவார்.

“ஊர் பூரா அடிக்கிறீங்க, நம்ம பாத்தியில ஒரு மூடி ஊத்தி அடிச்சா என்னங்க? இலையெல்லாம் சல்லடையா இருக்கு” என்று மனைவி கேட்பாள்.

“இதுதாம்மா ருசி” என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க மாட்டார்.

மனைவிக்குக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை. வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப் போகும் நாற்பத்தோரு குழந்தைகளுக்கு மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான். அதில் மூத்தது எதுவோ அதற்கே ஐந்து வயது முடியவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை, தோட்டத்து முதலாளி டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு ஏக்கர் காலிஃபிளவர். பூ திரண்டு வெட்டுக்கு நெருங்கும் நேரத்தில் புழு இறங்கிவிட்டது. முதலாளி கையில் ஒரு புது டப்பா இருந்தது.

“கொஞ்சம் தூக்கலாவே கலந்து அடிங்க டாக்டரே. ஒண்ணுகூடத் தப்பக் கூடாது.”

டாக்டர் டப்பாவைத் திருப்பி, ஓரத்தில் சிவப்பில் இருந்த எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். “இதை அடிச்சா பதினாலு நாளைக்கு வெட்டக் கூடாது முதலாளி.”

“வெட்டலைய்யா. நீங்க அடிங்க.”

அடித்தார். முடித்தபோது வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. கை லேசாக ஆடியது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். வழக்கமாக அப்படித்தான் நினைத்துக்கொள்வார்.

மறுநாள் காலை வேறொரு தக்காளித் தோட்டத்துக்குப் பைக்கில் போகும்போது பார்த்தால், அந்த இரண்டு ஏக்கரில் பாதி மொட்டையாகக் கிடந்தது. வெறும் அடித்தண்டுகள். வெட்டியாகிவிட்டது. டாக்டர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அப்புறம் முதலாளி பாடு, வாங்குகிறவன் பாடு என்று போய்விட்டார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினெட்டு வருஷத்தில் இப்படி எத்தனை மொட்டைத் தோட்டங்களை அவர் கடந்து போயிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

பத்தே முக்காலுக்கு மனைவியின் போன் வந்தது. டீ குடிக்கும் நேரத்தில் தினமும் இரண்டு வார்த்தை பேசுவாள்.

“இன்னிக்கு எனக்கு வேலை லேசுங்க. தோட்டத்து முதலாளி ரெண்டு கூடை காலிஃபிளவர் அனுப்பியிருக்கார். பசங்களுக்கு என் அன்பளிப்புன்னு சொல்லி விட்டாராம். ஒவ்வொண்ணும் என் தலை பெருசு. நானும் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டேன், பேருக்கு ஒரு புழு இல்ல.”

டாக்டருக்கு முதுகில் இருந்த டேங்க் திடீரென்று இரண்டு மடங்கு கனத்தது. “அதை” என்று ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்தது. “பன்னெண்டுக்குத் தட்டு வைக்கணும், சாயங்காலம் பேசலாம்” என்று அவள் வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. சமையலறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பது காப்பகத்துச் சட்டம். அலமாரிக்குள் கிடந்து கதறும், அவ்வளவுதான். ஆபீஸ் எண்ணைக் கூப்பிட்டால் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் அதேதான்.

டேங்கை வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பைக்கை உதைத்தார்.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. சரக்கு ரயில். அது வந்தபாடில்லை, வந்த பிறகு முடிந்தபாடில்லை. பெட்டிகளை எண்ணினார். முப்பதுக்கு மேல் எண்ண முடியாமல் கண் மங்கியது. பதினொன்று நாற்பது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

காப்பகத்து வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டு தாண்டி ஆறு நிமிஷம். உள்ளே ஓடப் போனவரைக் காவலாளி குறுக்கே கை வைத்து மறித்தார்.

“ஐயா, நில்லுங்க. மேலெல்லாம் பூச்சி மருந்து வாடை அடிக்குது. இந்தச் சட்டையோட குழந்தைங்க இருக்கிற எடத்துக்குள்ள விட முடியாது.”

“என் வீட்டுக்காரி உள்ள சமைக்கிறா. அவசரமாப் பார்க்கணும்.”

“குளிச்சிட்டு வாங்க. நான் வேண்டாம்னு சொல்லல.”

டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கத்தினால் காரியம் கெடும் என்று தெரிந்தது. “அண்ணே, நீங்க செய்யறது சரி. ஆனா நேத்துலேருந்து இந்தச் சட்டையில இருக்கிற அதே மருந்துதான் இப்ப குழந்தைங்க தட்டுல இருக்கு. அந்தக் காலிஃபிளவருக்கு நேத்து சாயங்காலம் நான்தான் அடிச்சேன். என்னை விட வேணாம். நீங்க ஓடுங்க.”

காவலாளி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியைக்கூடச் சரி செய்யாமல் ஓடினார். வயதானவர், அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜன்னல் வழியே டாக்டருக்குச் சாப்பாட்டு அறை தெரிந்தது. முழங்கால் உயர மேஜைகள். முதல் மேஜையில் பரிமாறி ஆகிவிட்டது. மனைவி குனிந்து இரண்டாவது மேஜையில் கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். காவலாளி போய் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கையில் இருந்த பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு முதல் மேஜைக்குப் போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். ஒரு குழந்தை தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதது. நான்கு குழந்தைகள் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார்கள். இரண்டு வாய், மூன்று வாய்.

காப்பகத்தை நடத்துகிற அம்மாள் வெளியே வந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார். “நீங்க அடிச்சீங்க. அடுத்த நாளே வெட்டுவாங்கன்னு தெரியுமா?”

“வெட்டினதைக் காலையில பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

டாக்டர் வாசலை விட்டு இறங்கி வெளியே போனார்.

பக்கத்துத் தெரு மருத்துவர் பத்து நிமிஷத்தில் வந்தார். நான்கு குழந்தைகளையும் பாயில் உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தார், நாடி பிடித்தார், மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். “வேகும்போது கொஞ்சம் போயிருக்கும், முழுக்கப் போகாது. ரெண்டு வாயில ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பெரியவங்களுக்குச் சொல்ற கணக்கை இந்த உடம்புக்குச் சொல்ல முடியாது. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்” என்றார்.

அந்த மத்தியானம் நகரவே இல்லை. பெற்றோர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். டாக்டர் வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், யாருக்கும் முகம் கொடுக்காமல் நின்றார். இரண்டு மணிக்கு ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. அதன் அப்பா வெளியே வந்து டாக்டரின் சட்டையைப் பிடித்தார். காவலாளிதான் விலக்கிவிட்டார். மூன்று மணிக்கு அதே குழந்தை பிஸ்கட் கேட்டது. அழுது அழுது வந்த வாந்தியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்று மருத்துவர் பட்டென்று சொன்னார். ஐந்தரைக்கு நான்கும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

போகும்போது மருத்துவர் மரத்தடியில் நின்றார். “கையை நீட்டுங்க.” டாக்டர் நீட்டினார். விரல்கள் ஆடின. “உங்க கண்ணு பாப்பா ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கு. எத்தனை வருஷமா இந்த வேலை?” என்று கேட்டவர், மறுநாள் ரத்தம் கொடுக்க வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி அவருக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

“ருசிக்காக இல்ல, இல்லையா? நம்ம பாத்தியில அடிக்காதது.”

“இல்ல.”

“அது வேற எங்கயாவது போயிருந்தா? எனக்குத் தெரியாத ஏதோ ஒரு சமையலறைக்கு?”

அவர் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டார். அந்த ஒரு வாரம் இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

காப்பகத்திலிருந்து சோதனைக்கு அனுப்பிய பூவின் அறிக்கை எட்டாம் நாள் வந்தது. மருந்து இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு. தோட்டத்து முதலாளி நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நல்ல மனசோட குடுத்தேன்ய்யா. வியாபாரி வர்றேன்னு சொன்ன தேதியை மாத்திட்டான், நான் என்ன பண்ணட்டும்? என்னை விஷம் வெச்சவன் ஆக்கிட்டீங்களே.”

“வெச்சது நான்தான் முதலாளி. அதைத்தான் அங்க சொன்னேன்.”

அதன் பிறகு யாரும் டாக்டரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், இன்னொரு தடவை டேங்கைத் தூக்கினால் அப்புறம் என்னைத் தேடி வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் கை நடுக்கம் குறைந்தது. தலைவலி போன பிறகுதான், அத்தனை வருஷமும் தலை வலித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

காப்பகத்துக்குப் பின்னால் புதர் மண்டிய காலி இடம் ஒன்று இருந்தது. அங்கே மருந்தில்லாமல் காய் போட முடியுமா என்று நடத்துகிற அம்மாள் கேட்டார். டாக்டர் முடியும் என்றார். சொன்னது சுலபம். முதல் போகத்தில் முட்டைகோஸில் முக்கால்வாசி புழு வாய்க்குப் போயிற்று. மிச்சத்தை மனைவி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓட்டை இலைகளை ஒதுக்காமல் நறுக்கி வேகவைத்தாள். இரண்டாம் போகத்தில் பூச்சி அண்டாமல் இருக்கக் கோஸுக்கு நடுவே செண்டுப்பூவும் வெங்காயமும் ஊன்றினார். காலையும் மாலையும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்ணைக் கிளறினால் ஒரு மண்புழு இல்லாமல் இருந்த இடத்தில், ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மண்வெட்டிக்கு ஏழெட்டு நெளிந்தன. பக்கத்து ஓடையில் தவளைச் சத்தம் கேட்டது. தேனீ வந்ததால் பூசணி நன்றாகக் காய்த்தது. ஆனாலும் விளைச்சல் முதலாளி தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்காது. அதை டாக்டர் மறைத்ததில்லை. நாற்பத்தோரு குழந்தைகளுக்குப் போதும், சந்தைக்குப் போதாது என்பார்.

மூன்றாம் வருஷம் முதலாளி ஓடைக்கரை அரை ஏக்கரை அவரிடம் விட்டார். மருந்தில்லாக் காய்க்கு என்று தனியாக ஆள் தேடி வருகிறார்களாம். மன்னிப்பு, கின்னிப்பு என்ற பேச்செல்லாம் இல்லை. “செஞ்சு பாருங்க, பார்ப்போம்” என்றார், அவ்வளவுதான். மற்ற நிலத்தில் மருந்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு இப்போது வேறொருவர், டாக்டர் வயசுக்காரர்.

அவர் டேங்கோடு வரும் நாளில் டாக்டருக்கு வேறு வேலை ஓடாது. மருந்துச் சாரலைத் தடுக்க இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஐந்து வரிசை சோளம் அடர்த்தியாக நிற்கிறது. அது போதாது என்று அவருக்குத் தெரியும். எல்லைக்குப் போய் ஒரு பிடி மண்ணைத் தூக்கி விட்டுப் பார்ப்பார்.

“காத்து என் பக்கம் வீசுதுங்க. மூணு மணிக்கு மேல திரும்பிடும். அப்ப அடிங்களேன்.”

சில நாள் அந்த ஆள் சரி என்று உட்காருவார். சில நாள் முதலாளி அவசரப்படுத்துகிறார் என்பார். அப்படிச் சொன்ன ஒரு நாள், டாக்டர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். “சரி, மூக்கையும் வாயையும் நல்லா கட்டிக்கங்க. சட்டையை வீட்டுக்குள்ள கொண்டுபோகாதீங்க. வெளியவே அலசுங்க.”

அந்த ஆள் துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டு பம்பை அடிக்கத் தொடங்கினார். டாக்டர் சோள வரிசைக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து, பாதுகாப்புக்காக வைத்திருந்த பழைய படுதாவைக் கீரைப் பாத்திகள் மேல் இழுத்து மூடினார்.