அன்புச்செல்வி தேய்த்த கண்ணாடி

சூலூரைத் தாண்டி, கிரைண்டர் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அன்புச்செல்வி கல் தேய்க்கிறார். குழவிக்கல் உரலில் சரியாக உட்காரும்படி தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் கைபட்ட கல் குறை என்று திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் பேச்சே இல்லை. தோட்டக் கூலிகளின் மகள். பத்தாவதோடு பட்டறைக்கு வந்தவர்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் கல் தேய்ப்பதைப் பற்றி எதையோ தேடினார். வேறொன்று வந்து நின்றது. எந்த நாட்டுக்காரரோ, ஒரு பீப்பாயின் மேல் வட்டக் கண்ணாடியை வைத்து, அதன்மேல் இன்னொன்றைப் போட்டு, நடுவே ஈரப்பொடி தூவித் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தபடியே பீப்பாயைச் சுற்றி நடந்தார். மேல் கண்ணாடி மெல்லக் குழிந்தது. அந்தக் குழிதான் தொலைநோக்கிக்குள் வானத்தைப் பிடிக்கும் ஆடியாம்.

"ஏனுங்க, இது நம்ம வேலைதானுங்க. கல்லுக்குப் பதிலாக் கண்ணாடி, அவ்வளவுதான்" என்று வீட்டில் கணவரிடம் காட்டினார். டெம்போ ஓட்டும் கதிரேசன் அடுத்த வாரமே டவுனிலிருந்து தடித்த கண்ணாடி இரண்டு வட்டம் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலில் தண்ணீர் டிரம்மைச் சுற்றி அன்புச்செல்வி தினமும் நடப்பதைத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டு ராமாத்தாளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனக்கா, டிரம்மச் சுத்துனா வேண்டுதல் பலிக்குமாக்கும்?"

"பலிக்குமுங்க. பங்குனி நோம்பிக்குக் கோயில் திடல்ல வியாழன் கிரகத்தக் காட்டறேன், வந்து பாருங்க."

தெருவுக்கு ஒரு வெள்ளை உருண்டை தெரிந்தால் போதும். அன்புச்செல்விக்குப் போதாது. வியாழனின் மேல் குறுக்கே பட்டைகள் உண்டு. ஆடி நன்றாக அமைந்தால்தான் அவை தெரியும், மோசமானால் எல்லாம் கலங்கிப் போகும் என்று கதிரேசனிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஆடியைச் சோதிக்கவும் இணையத்தில் ஒரு வழி கிடைத்தது. சிறு விளக்கின் ஒளியை ஆடியில் விழச் செய்து, திரும்பி வரும் ஒளியைச் சவர பிளேடின் விளிம்பால் மெல்ல மறைக்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேடுபள்ளம்கூட நிழலாக எழுந்து நிற்கும். வெறும் சவர பிளேடு செய்கிற வேலை அது! அன்புச்செல்வியின் ஆடியில் நடுப்பகுதி வழவழவென்று இருந்தது. விளிம்பு மட்டும் சுற்றிலும் சரிந்திருந்தது.

நிழலைப் படமெடுத்து, ஆடி செய்பவர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டார். எங்கிருந்தோ ஒருவர் கேட்டார்: "ஓரத்தில் கையை அழுத்துகிறீர்களா?"

ஆம், அழுத்தினார். கல்லில் ஓரம் தூக்கி நின்றால் மாவு நறநறக்கும். அதனால் உள்ளங்கையை ஓரத்தில் ஊன்றியே தேய்ப்பார்கள். பட்டறையில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அதே கைப்பழக்கம் கண்ணாடியின் ஓரத்தைத் தின்றிருந்தது.

நோம்பித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடி ஒளியை முழுதும் திருப்ப, அதன்மேல் அலுமினியப் பூச்சும் வேண்டும். வண்டி விளக்குகளுக்கு அலுமினியப் பூச்சு போடும் நாகூர் மீரான், விளக்குகளோடு ஆடியையும் சேர்த்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

கதிரேசன் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஓரத்துல கறுப்புக் காயிதம் ஒட்டிப்போட்டா ஆச்சு, அம்மணி. ஆருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமில்லீங்க. ஓரத்த மூடுனா அந்தளவுக்கு வெளிச்சமும் கொறையும். நாஞ் செஞ்சது பூரா வேலை செய்யோணும்."

மீரானிடம், நோம்பிக்கு முன் கடைசியாகப் பூச்சு போடும் நாளைக் கேட்டுக்கொண்டு, நடுத்தரப் பொடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பட்டறையில் கல்லுக்கு ஒரு கை, வீட்டில் கண்ணாடிக்கு வேறு கை. பழகியது அடிக்கடி எட்டிப் பார்த்தது. அப்போதெல்லாம் நிறுத்தி, விரல்களை உதறி, நடுவில் மட்டும் கையை வைத்து நடந்தார். கடைசிச் சோதனையில் நிழல் விளிம்புவரை ஒரே சீராகப் பரவியது. அன்றைக்கே கதிரேசன் மீரானிடம் கொண்டு ஓடினார்.

நோம்பியன்று பொழுது சாய்ந்ததும், பிவிசி குழாயில் பொருத்திய தொலைநோக்கி திடலில் நின்றது. உருண்டை மேல் என்ன தெரியும் என்று அன்புச்செல்வி வந்தவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரியாததும் தெரிந்ததாகத் தலையாட்டுவார்கள். வரிசையில் முண்டியடித்து முதலில் நின்றவர் ராமாத்தாள்தான். ஒற்றைக் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஏனக்கா, நல்லாத்தான் இருக்குது. ஆனா உருண்டை மேல குறுக்கால ரெண்டு கோடு உழுந்திருக்குதே. கண்ணாடிய எங்கியோ கீறிப்போட்டீங்களா?"

கதிரேசன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்புச்செல்வி ராமாத்தாளின் பக்கத்தில் போய் நின்றார்.

"குழாயத் தொடாம அப்படியே பாருங்க. உருண்டை நகருதா?"

"ஆமா, ஓரத்துக்குப் போவுது."

"கோடு?"

"அதுவுங் கூடவே போவுதுங்க."

"கீறலா இருந்தா கண்ணாடியோட நிக்கோணுமுங்க. அது வியாழன் மேலதான் இருக்குது."

ராமாத்தாள் உருண்டை மறையும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு திரும்பி, வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "ஆருங் குழாயத் தொடாதீங்க! எங்க தெருவுல செஞ்சதாக்கும்!"