இப்ராஹிமுக்கு யார் வேலை கொடுப்பது?

போதைப்பொருளைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்று மேடையேறிப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பேசினேன். நான்கு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாட்டுங்காவில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய விவாதக் கூட்டத்தில். அந்தப் பக்கம் பேச வேறு யாரும் முன்வரவில்லை... அதனால் என் தலையில் விழுந்தது.

செம்பூரிலிருந்து டாக்ஸியில் வரும்போதே குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டேன். போதைக்கு அடிமையானவன் ஒரு நோயாளி. ஜெயிலில் போட்டால் நோய் குணமாகுமா? சாராயத்துக்கு லைசென்ஸ் கொடுக்கிற அரசாங்கம் கஞ்சாவுக்கு மட்டும் கைவிலங்கு மாட்டுவது என்ன நியாயம்? மருந்து மாதிரி, கட்டுப்பாட்டோடு அரசாங்கமே கொடுத்தால் கள்ளத்தனமாக விற்கிறவன் கடையை மூட வேண்டியதுதானே? நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முன்வரிசைப் பட்டுப்புடவைகள்கூடக் கொஞ்சம் கைதட்டின.

எதிர் அணியில் விஸ்வநாதன் சார். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம். கப்பல் கம்பெனி ஒன்றில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபது தாண்டிவிட்டது. அவர் கட்டிடத்துக்கு அவர்தான் செக்ரட்டரி.

"விக்கறவனையும் உள்ள போடணும், வாங்கறவனையும் உள்ள போடணும். வாங்கறவன் இல்லேன்னா விக்கறவன் ஏது? நோயாளி, நோயாளின்னு சொல்றேளே, ஜுரம் வந்தவன் யாராவது அம்மாவோட சங்கிலியை அறுத்துண்டு ஓடறானா?"

எனக்கு விழுந்த கைதட்டலைப் போல மூன்று மடங்கு அவருக்கு.

பிறகு கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். தலையில் துப்பட்டா, நாற்பது வயதுக்குள் இருக்கும். பெயர் மும்தாஜ், தாராவியில் தையல் வேலை செய்கிறவர். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு மாமியிடம் ரவிக்கை கொடுக்க வந்து, தலைப்பைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

"ரெண்டு பேரும் நல்லாப் பேசுனீங்க. எங்க வீட்டுக்காரரு அஞ்சு வருஷம் பிரவுன் ஷுகர் அடிச்சவரு. இப்போ பதினோரு மாசமா ஆஸ்பத்திரி மருந்துல இருக்காரு. டெய்லி காலைல போயி, நர்ஸ் முன்னாடி நாக்குக்கு அடியில மாத்திரைய வச்சிக் கரைச்சிட்டு வாராரு. இப்போ நல்லாத் தூங்குதாரு, சாப்பிடுதாரு. வேலைதான் இல்ல. மோட்டாருக்குக் காயில் கட்டுத வேலை அவருக்கு. முன்னாடி இருந்த பட்டறையில செம்புக் கம்பிய எடுத்து வித்துட்டாரு. அது தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா இன்னும் எங்க சந்துல அவரு எல்லாருக்கும் கர்துல்லாதான்."

கர்துல்லா என்பது போதைக்கு அடிமையானவர்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் வசை. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

மும்தாஜ் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க அவங்க நோயாளின்னு சொன்னீங்கல்லா. உங்க பில்டிங்ல அவருக்கு ஒரு வேலை போட்டுக் குடுப்பீங்களா?"

எங்கள் கட்டிடத்தில் பம்ப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று லிஃப்ட் பக்கத்தில் இரண்டு வாரமாக நோட்டீஸ் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன். அந்த நிமிஷம் அது கண் முன்னால் வந்தது. கூடவே எதற்கெடுத்தாலும் புகார் எழுதும் மூன்றாவது மாடிக்காரர், மொட்டை மாடிச் சாவி, தனியாக இருக்கும் வயதானவர்கள்... எல்லாம் வந்தது.

"கமிட்டியில கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

சபையில் ஒரு சின்னச் சிரிப்பு. மும்தாஜ் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரிக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். இந்தப் பதிலைப் பல பேரிடம் கேட்டுப் பழகிய மாதிரி.

கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு நின்றபோது, விஸ்வநாதன் சார் நேராக மும்தாஜிடம் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன்.

"ஆத்துக்காரருக்கு மோட்டார் வேலை நிஜமாவே தெரியுமோ?"

"தெரியும் சார்."

"எங்க பில்டிங் பம்ப் அடிக்கடி எரிஞ்சு போறது. வர்றவன் எல்லாம் புதுசு வாங்குங்கோன்னு சொல்லிட்டுப் போயிடறான். நாளைக்குக் காலம்பற அனுப்பும்மா. மருந்துக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"பத்து மணிக்குள்ள போகணும் சார்."

"குழாய்த் தண்ணி ஏழரைக்கு நின்னுடும், காலம்பற வேலை அதோட முடிஞ்சுடும். அப்போ சரி. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கம்பி காணாமப் போச்சுன்னா போலீஸ்தான்."

"சரி சார்."

இன்டர்வியூ அவ்வளவுதான். மேடையில் கருணை பேசிய நான் கையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு விஸ்வநாதன் சார் கட்டிடத்துப் பக்கம் போக எனக்குக் கொஞ்சம் கூச்சம். போன வாரம்தான் போனேன். மும்தாஜின் கணவர் இப்ராஹிம் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டேன். விஸ்வநாதன் சார் நடந்ததைச் சொன்னார்.

முதல் மாதம் பிரச்னையே இல்லை. இப்ராஹிம் மோட்டாரைப் பிரித்துப் புதிதாகக் காயில் கட்டிப் போட்டார். அதன் பிறகு அது எரியவில்லை. இரண்டாவது மாதத்தில் இரண்டு நாள் ஆளைக் காணோம். டேங்க் காலி, மேல்மாடிகளில் தண்ணீர் இல்லை. சார் மும்தாஜுக்குப் போன் போட்டார். ஜுரம் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"திரும்ப அடிச்சிட்டாரு சார். உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல."

சார் டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போனார். இப்ராஹிமை எழுப்பி உட்காரவைத்து, மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனதாக அவரே சொன்னார். அங்கே டாக்டரையும் விடவில்லை.

"ஒரு வருஷத்துக்கு மேல மருந்து சாப்பிட்டும் இப்படின்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். அந்த டாக்டர் சின்ன வயசு. என்ன சொன்னார் தெரியுமோ? சுகர் பேஷண்ட் ஒருநாள் பாதுஷா சாப்பிட்டா மருந்தை நிறுத்திடுவேளான்னார். நான் பதில் சொல்லலை."

"ஏன் சார்?"

"எனக்கு சுகர். முந்தின நாள் ஒரு கல்யாணத்துல ரெண்டு பாதுஷா சாப்பிட்டிருந்தேன்."

கட்டிடத்தில் விஷயம் தெரிந்து மீட்டிங் போட்டார்கள். அந்த ஆளை அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். "அவன் போனா நானும் போறேன். வேற செக்ரட்டரி பாத்துக்கோங்கோ" என்றாராம் சார். இந்த ஊரில் ஹவுசிங் சொசைட்டிக்குச் செக்ரட்டரி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பேச்சு அத்தோடு முடிந்தது. இப்ராஹிம் மறுபடி மருந்துக்குப் போனார், மறுபடி பம்புக்கும் வந்தார்.

"அப்போ அடிமையானவனை ஜெயில்ல போடக் கூடாதுன்னு இப்போ ஒத்துக்கறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"நெவர். சட்டம்னா சட்டம்தான். இப்ராஹிம் கதை வேற."

இது என்ன லாஜிக்? எனக்குப் புரியவில்லை. போதை புகுந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இப்ராஹிம்தானே இருப்பான், எல்லாக் கதையும் வேறுதானே? என் லாஜிக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் ஒருவருக்கும் கதவைத் திறக்கவில்லை. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை -- அடிமையானவருக்கு வேண்டியது வைத்தியம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் வைத்தியம் ஆஸ்பத்திரியில் பாதிதான் நடக்கிறது. மருந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர் அடுத்து எங்கே போவார்? அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

கிளம்பும்போது பம்ப் ரூமுக்குப் போனேன். இப்ராஹிம் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் டெஸ்டர். அன்றைக்கு நாங்கள் என்ன பேசினோம் என்று மும்தாஜ் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க? கடையில விக்கலாமா, ஜெயில்ல போடலாமா?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ஒருவாட்டி உள்ள போயிருக்கேன்க்கா. வெளிய வந்த அன்னைக்கே அடிச்சேன். கடையில வித்திருந்தாகன்னா, விடணுங்கிற நெனப்பே எனக்கு வந்திருக்காது."

அதற்குள் மேலே டேங்க் நிரம்பி வழியும் சத்தம். மோட்டாரை நிறுத்த உள்ளே போய்விட்டார்.

இரண்டு அணியுமே தோற்ற விவாதம் என் அனுபவத்தில் இது ஒன்றுதான்.