மாதாவுக்கு நான் முகம் கழுவிய கதை

ஊத்தையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. மொன்றியலில் என் பிழைப்பும் அதுதான். நகர மையத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் அலுவலகம் கூட்டினேன், மேசை துடைத்தேன், கழிவறை கழுவினேன். அதில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. அதனால் மாதாவுக்கு நான் வைத்த நேர்த்திக்கடனும் என் தொழிலோடு ஒட்டிய நேர்த்தியாகவே வந்து அமைந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நானும் மகளும் மட்டும் இங்கே வந்து அகதிகளாக ஏற்கப்பட்டிருந்தோம். கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். செயின்ட்-மிஷேலில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கிட்ட ஒரு பழைய கற்கோயில் இருந்தது. காலைப் பூசை பிரெஞ்சில், அவர்களுக்கு. பின்னேரப் பூசை தமிழில், எங்களுக்கு. பெரிய வாசலுக்கு மேலே, மூன்று ஆள் உயரத்தில், சுவரைக் குடைந்த மாடமொன்றில் கல்லால் செதுக்கிய மாதா நின்றார். சுவர் முழுக்கக் கறுப்பு. மாதா அதைவிடக் கறுப்பு. மேலே எங்கிருந்தோ ஒழுகிய தண்ணீர் மட்டும் அவருடைய ஒரு கண்ணிலிருந்து தாடை வரைக்கும் வெளிறிய கோடு ஒன்றைப் போட்டிருந்தது.

எங்கள் சனம் வந்த நாளிலேயே முடிவு கட்டிவிட்டது: இது கறுப்பு மாதா, எங்களுக்காகக் கண்ணீர் விடுகிற மாதா. அதைக் கேள்விப்பட்டு பக்கத்து நகரமான லவாலில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். நான் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"இது நிறமில்லை. புகைக்கரி."

"முதல்ல உன்ர வாயைக் கழுவு" என்றார் எங்கள் தமிழ்ப் பங்குச் சபையின் தலைவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் யாராவது தனக்கு முதல் ஒன்றைக் கண்டுபிடித்தால் பொறுக்கமாட்டார்.

அந்தப் பனிக்காலத்தில் கணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. பூசை முடிந்து எல்லோரும் பஸ்சுக்கு ஓட, நான் கோயில் வாசலில் நின்று அழுதேன். ஊரென்றால் மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்திருப்பேன். இங்கே எதை நேர்வது? பெரிய மெழுகுதிரி வாங்கக்கூட வழியில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"மாதாவே, அவரை என்னட்டக் கொண்டு வந்து சேருங்கோ. உங்கட முகத்தை என்ர கையால கழுவி விடுறன்."

மேன்முறையீட்டில் விசா கிடைத்து, அடுத்த பனிக்காலத்தில் கணவர் டோர்வால் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மகள் அவரைப் பார்த்து வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே காரை மறித்து அவரைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "உவவுக்குத்தான் நான் கடன்" என்றேன். அவர் குளிரில் பல்லுக்கடித்தபடி மேலே பார்த்தார். "ஏணி வேணுமப்பா" என்றார்.

ஏணியா கொடுப்பார்கள்! பங்குக் குருவான சுவாமி நல்லவர், ஆனால் தலையை ஆட்டி ஆட்டியே மறுத்தார். இது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், யாரும் கை வைக்கக் கூடாது, விழுந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் சொன்னார். அடுத்த வருடமும் கேட்டேன். அதற்கடுத்த வருடமும் கேட்டேன். என்னைக் கண்டாலே சுவாமி பூசை உடுப்பு மாற்றும் சக்கிறீஸ்து அறைக்குள் போய்விடுவார். இதற்கிடையில் கணவர் உறைபனியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்தார். எனக்குப் பதறிவிட்டது.

"நேர்த்தியைத் தீர்க்காமல் வச்சிருக்கிறன், அதுதான்" என்றேன்.

"மாதாவுக்கு வேற வேலையில்லையே, என்ர காலை வந்து முறிக்க?" என்றார் கட்டோடு படுத்திருந்தவர்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாசலால் போகும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். கேட்டதை வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாதவளாக இருப்பது எவ்வளவு கேவலம்!

வருடங்கள் ஓடி மகளும் வளர்ந்துவிட்ட பிறகு, ஒரு வசந்தத்தில் கோயிலின் முன்சுவரில் கற்கள் இளகின. திருத்தத்தான் வேண்டும் என்று சாரம் கட்ட ஏற்பாடானது. பழைய கற்கட்டடங்களைப் பராமரிப்பதில் தேர்ந்த ஒரு பெண் வந்து பார்த்தார். குட்டை முடி, சுண்ணாம்பு படிந்த சப்பாத்து. சாரம் கட்டும்போதே சுவரையும் மாதாவையும் கழுவலாமே என்று சொன்னது அவர்தான். கழுவுவதா, விடுவதா என்று முடிவெடுக்கப் பங்கு மக்கள் எல்லோரையும் கோயிலின் கீழ்மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். காலைப் பூசைக்காரரும் பின்னேரப் பூசைக்காரரும் ஒரே மண்டபத்தில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர்களின் கோப்பியும் எங்கள் மீன் றோல்ஸும் ஒரே மேசையில் இருந்தன.

அந்தப் பெண் விளக்கினார்: மழை படாத இடத்தில் கரி பொருக்காகிக் கல்லோடு ஒட்டிக்கொள்கிறது, அந்தப் பொருக்கு கல்லை உள்ளே இருந்து தின்கிறது. விட்டால் ஒருநாள் மூக்கும் போகும், வாயும் போகும். மணலை வீசி அடித்துக் கழுவினாலும் அதே கதைதான். மெல்லத் தண்ணீரால் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

முதலில் எழுந்தவர் ஒரு வயதான கியூபெக் அம்மா. காலைப் பூசையில் முதல் வரிசை வாங்கு அவருடையது. நாங்கள் அவரை மதாம் என்போம். நடைவண்டியைப் பிடித்தபடி அவர் நிதானமாகப் பேசினார். அவருடைய அப்பா இந்தத் தெருக்களில் வீடு வீடாக நிலக்கரி போட்டவராம். "இந்தக் கரியில் பாதி என் அப்பாவின் கரி. அதைக் கழுவிவிட்டால், அவர் இந்த ஊரில் வாழ்ந்தார் என்று நான் எதைக் காட்டுவேன்?" என்றார்.   எனக்குக் கோபம் வந்தது. என்னை எதிர்க்கிற ஆள் நியாயமாகக் கதைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அடுத்து எங்கள் அண்ணை எழுந்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து முழங்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்கட நிறத்தில ஒரு மாதா கிடைச்சிருக்கிறா. அவவுக்கும் கிறீம் பூசி வெள்ளைக்காரி ஆக்கப் போறியளோ?"

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன். இந்தச் சாரத்தை விட்டால் இன்னொரு சாரம் என் காலத்தில் வராது. நேர்த்தி என்னோடு குழிக்குள்தான் வரும். கணவர் என் முழங்கையை இடித்தார். "எழும்பன்" என்றார்.

எழுந்தேன். என் பிரெஞ்சு அலுவலகத் தரை துடைத்துப் பொறுக்கிய பிரெஞ்சு. மேல்சட்டைக் கையை மடித்து, கையை எல்லோருக்கும் காட்டினேன். நான் நல்ல கறுப்பு. ஊரில் என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், பலகாரத்தை எல்லாம் தின்றுவிட்டு, நிறம் காணாது என்று சொல்லிப் போனது.

"முவா, நுவார். ஷாக் மத்தேன், லாவே, லாவே. துஜூர் நுவார்!" என்றேன். நான் கறுப்பு, தினமும் காலையில் கழுவுகிறேன், இன்னும் கறுப்புத்தான் என்று அர்த்தம்.

முதலில் சுவாமி சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அண்ணையைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"கறுப்பு எண்டது நிறம் அண்ணை. ஊத்தை ஊத்தைதான். ரெண்டும் ஒண்டெண்டு சொன்னது எங்களைப் பழிச்ச ஆக்கள். நீங்களும் அதையே சொல்லாதையுங்கோ. கழுவிப் பாப்பம். உள்ளுக்குள்ள என்ன நிறமோ, அதுதான் அவ."

இந்த முறை கைதட்டு எனக்கு. பிறகு மதாமின் பக்கம் போனேன். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் அவர் கை எட்டும் உயரத்தில் ஒரு கல்லைக் கழுவாமல் விடலாம், அது உங்கள் அப்பாவுக்கு என்று, எனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்தும் கையைக் காட்டியும் சொன்னேன். கல் பராமரிக்கும் பெண் உடனே தலையாட்டினார். அப்படிச் செய்யலாம் என்றார். மதாம் என்னைக் கனநேரம் பார்த்தார். 

கை உயர்த்தச் சொன்னார்கள். கழுவுவதற்கு மண்டபத்தில் முக்கால்வாசிக் கைகள் எழுந்தன. கடைசியாக அண்ணையின் கையும் எழுந்தது. "மாதாவுக்காக. உன்ர வாய்க்காக இல்லை" என்றார். மதாம் எதிர்த்துக் கை தூக்கவில்லை. நடைவண்டியின் பிடியிலேயே கையை வைத்திருந்தார்.

சுவாமி கல் பராமரிக்கும் பெண்ணிடம் என் நேர்த்தியைச் சொல்லியிருந்தார். முகத்தை மட்டும் நான் கழுவலாம் என்று அந்தப் பெண் சம்மதித்தார். கோடையில் அந்த நாள் வந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே மகளின் ஜீன்ஸைப் போட்டு, தலையில் மஞ்சள் தொப்பியும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டியுமாகப் போனேன். மகள் தன்னை யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். என் வாளிக்குள் ஒரு போத்தல் ஜாவெல் பிளீச்சும் இரும்பு நாரும் இருந்தன. கல் பராமரிக்கும் பெண் அவற்றைக் கண்டதும் அலறி, போத்தலைப் பறித்துக் காருக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு மென்மையான தூரிகையையும் பஞ்சையும் தந்தார். தண்ணீர், தண்ணீர் மட்டும் என்று என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார். இத்தனை வருடம் ஊத்தையோடு சண்டை பிடித்தவள் நான், ஆனாலும் சரி என்று அடங்கிப் போனேன்.

மேலே ஏறினேன். கீழே எங்கள் சனம் செபமாலை சொல்லத் தொடங்கியது. முந்தின நாளிலிருந்து தண்ணீர் தூவி ஊறவைத்திருந்தார்கள். பஞ்சை நெற்றியில் வைத்தேன். கரி கரைந்து என் முழங்கையால் வழிந்து பட்டுக்குள் இறங்கியது. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. கன்னத்தைத் துடைக்கத் துடைக்க அந்தக் கண்ணீர்க் கோட்டைக் காணவில்லை. ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் விளங்கியது: அந்தக் கோடு மட்டும்தான் அதுவரை சுத்தமாக இருந்த இடம். மாதா ஒருநாளும் அழவில்லை. வாயைக் கழுவினேன். மெல்லிய சிரிப்பு. அதுவும் கிழவி இல்லை, என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூடின ஒரு குமர்ப்பிள்ளை!

"சிரிக்கிறா!" என்று நான் கத்தியது தெருவெல்லாம் கேட்டிருக்கும். "எடியே, மாதா சிரிக்கிறா!"

"வெள்ளையாப் போயிட்டாவோ?" என்று கீழே இருந்து அண்ணை கத்தினார்.

"இல்லை அண்ணை! சாம்பல்!"

கடைசியாகக் கண்களைக் கழுவினேன். கழுவிவிட்டு அவருக்குக் கிட்டக் குனிந்து கொஞ்சம் கதைத்தேன். கீழே கையைக் காட்டினேன். நான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துக் கணவர் தண்ணீர் வாளியைத் தூக்கிக் காட்டினார்.

இறங்கி வந்தபோது என் கை இரண்டும் கரிச்சட்டி. சனம் என்னைக் கட்டிப்பிடித்து, அவர்களும் கறுப்பானார்கள். மதாம் நடைவண்டியோடு வாசலுக்கு நேரே வந்து நின்றார். முதலில் தன் அப்பாவின் கல்லில் உள்ளங்கையை வைத்தார். அது அப்படியே கறுப்பாக இருந்தது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்து, அண்ணாந்து, தான் ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தார்.

"போன்ஜூர், மத்முவசேல்" என்றார், புதிதாகக் குடிவந்த ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்வதுபோல. என் கரிக்கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கணவர் கேட்டார்.

"இஞ்சேரப்பா, மேல நிண்டு அவ்வளவு நேரம் என்ன கதைச்சனி?"

"உங்களைக் காட்டினனான். இவ்வளவு காலமும் அவவின்ர கண் கரி மூடிக் கிடந்ததெல்லே. இவர்தான் நான் கேட்ட ஆள், கொண்டு வந்து சேர்த்திட்டியள், அங்க வாளியோட நிக்கிறார், வடிவாப் பாருங்கோ எண்டு சொன்னனான்."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"அதுதான் சிரிச்சவ."